அகராதிக்குப் போன தோட்டத்துச் சொற்கள்



ஆங்கிலத்தில் நான்கெழுத்துச் சொல் ஒன்று உண்டு. ஆர், ஓ, ரி, எல் என எழுதுவர். 'ரொட்டில்' என்பதுபோல உச்சரிப்பர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிற் பெரும்பாலோர் இதைத் தம் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் ஸ்கிறபிள் என்னும் சொல்லாட்டத்தில் ஈடுபடுவோருக்கு இது மிகவும் வேண்டப்பட்ட சொல். உயிரெழுத்து ஒன்றும் மெய்யெழுத்துகள் பலவுமாகக் கையில் வந்து சேர்ந்து திகைக்கும் வேளையில் இது கைகொடுக்கும். இதன் பன்மை இன்னும் விநோதமானது. ஆங்கில முறைப்படி ஈற்றில் எஸ் சேர்க்கலாம். அரபு முறைப்படி 'ஆர்ட்டல்' என்றும் வைக்கலாம். இரண்டையும் ஆட்டத்தின் சொற்பட்டியல் ஒப்புக்கொள்கிறது.

எங்கள் பாடசாலையில் இந்த ஆட்டம் ஆடும் பிள்ளைகள் சிலர் இத்தகைய அருஞ்சொற்களைக் கொப்பியில் எழுதி மனனம் செய்கிறார்கள். பொருளைக் கேட்டால் சிரிக்கிறார்கள். பொருளுக்குப் புள்ளி இல்லை என்பது அவர்களுடைய வாதம். ஆட்டத்தின் விதி அப்படித்தான் இருக்கிறது. 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்திருந்த அல்பிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர், பத்திரிகைப் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப்பார்த்து இந்த ஆட்டத்தை அமைத்தார். அடிக்கடி வரும் எழுத்துக்கு மதிப்புக் குறைவு. அரிதாக வரும் எழுத்துக்கு மதிப்பு அதிகம். 1948இல் ஜேம்ஸ் புருனோ என்பவர் அதற்கு ஸ்கிறபிள் என்று பெயர் சூட்டிச் சந்தைக்குக் கொண்டுவந்தார். எழுத்துகளுக்குத்தான் விலை; சொல் எங்கிருந்து வந்தது, யாருடைய வாயில் வாழ்ந்தது என்பதெல்லாம் ஆட்டத்துக்கு வேண்டாத சங்கதி. தமிழ் படிப்பிக்கிற என்னால் அதை அப்படி விட்டுவிட முடியவில்லை.

'ரொட்டில்' என்பது ஒரு நிறையளவு. முஸ்லிம் நாடுகளில் வழங்குவது, இடத்துக்கு இடம் ஒன்று முதல் ஐந்து பவுண்டு வரை வேறுபடுவது என்று ஆங்கில அகராதிகள் கூறுகின்றன. மூலம் 'ரத்ல்' என்ற அரபுச் சொல். அதே அரபுச் சொல்தான் தமிழில் இறாத்தல் என்று வந்தது. இலங்கையில் அது பவுண்டு நிறையைக் குறிக்கலாயிற்று. நம்முடைய பேச்சில் றாத்தல். ஆக, பசறையிலோ மடுல்சீமையிலோ இருந்து பாடசாலைக்கு வரும் பிள்ளை இந்தச் சொல்லின் பொருளுக்காக அகராதியைத் தேடவேண்டியதில்லை. லயத்துக்குத் திரும்பி அம்மாயியிடம் கேட்டாலே போதும். மெட்ரிக் அளவு வந்து, தராசில் கிலோ ஏறிப் பல தசாப்தங்கள் ஆகியும், இத்தனை றாத்தல் கொழுந்து என்று பேசும் மூத்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நாளுக்கு மூன்று தடவை கொழுந்து நிறுக்கும் இடத்தில் கூடையை மாட்டிவிட்டு நின்ற அந்தப் பெண்களுக்கு றாத்தல் என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். கூடைக்கு இவ்வளவு கழிவு, மழை நாளென்றால் ஈரத்துக்கு இவ்வளவு கழிவு என்று போனதுபோக எஞ்சியது எவ்வளவு என்பதில்தான் அன்றைய சம்பளம் தங்கியிருந்தது.

நம்மவர் கையில் கிடந்த ஒரு சொல்லின் உடன்பிறப்பு ஆங்கில அகராதியில் அருஞ்சொல்லாக இருப்பதைக் கண்டபின், அங்கே வேறு யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று பார்க்கும் ஆவல் எனக்கு எழுந்தது.

சுருட்டு அங்கே 'செரூட்' ஆகியிருக்கிறது. ஏழெழுத்துச் சொல், கையிலுள்ள ஏழு எழுத்தையும் ஒரே வீச்சில் வைத்தால் எழுத்துகளுக்குப் பன்னிரண்டும் அதற்குமேல் ஐம்பதும் கிடைக்கும். நம் தாத்தாமார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இழுத்த சுருட்டுக்கு அறுபத்திரண்டு புள்ளி! கஞ்சி 'கொஞ்ஜீ' ஆயிற்று. கட்டுமரம், கறி ஆகியவற்றின் கதை நேயர்கள் அறிந்ததே. மிளகுத்தண்ணீர் 'மல்லிகட்டோனி' ஆகி, இறைச்சியும் சேர்த்துக்கொண்டு வெள்ளைக்காரர் மேசையில் சூப்பாக மாறியது. அணைக்கட்டு 'அனிகட்' என்று நிற்கிறது. தேக்கு, கயிறு, வெற்றிலை ஆகிய மூன்றும் மலையாளக் கரைவழியே போனவை. அவற்றைத் தமிழுக்கென்று தனி உரிமை கொண்டாடுவது நியாயமாகாது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு சொல் கொஞ்சம் தமிழ்போல ஒலித்துவிட்டால், அது தமிழேதான் என்று மேடையில் முழங்கும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அனகொண்டா என்னும் பெரும்பாம்பின் பெயரை எடுத்துக்கொள்வோம். அந்தப் பாம்பு வாழ்வது தென்னமெரிக்காவில். பெயர் போனதோ இலங்கையிலிருந்து. 1693இல் ஜோன் ரே என்ற ஆங்கில அறிஞர், இலங்கைப் பாம்பு ஒன்றின் பெயராக இதைக் குறித்துவைத்தார். 1768இல் ஸ்கொட்லாந்துச் சஞ்சிகையொன்று, இலங்கையில் ஓர் அனகொண்டா புலியொன்றை நொறுக்கி விழுங்கியதாக ஒரு கதையை வெளியிட்டது. இலங்கைக் காட்டில் புலியே இல்லை என்பது எழுதியவருக்கும் தெரியவில்லை, அச்சிட்டவருக்கும் தெரியவில்லை. ஆனைகொன்ற என்ற தமிழ்த்தொடரே மூலம் என்று கருதியவர் உண்டு. ஹெனகந்தயா என்ற சிங்களப் பெயரே மூலம் என்போரும் உண்டு. சிங்களப் பக்கத்து நியாயம் வலுவாக இருப்பதாகவே எனக்குப் படுகிறது. வழக்கு நடக்கும்போது தீர்ப்பை நாமே எழுதிக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

இத்தகைய சொற்களையெல்லாம் திரட்டிய பெருநூல் 1886இல் இலண்டனில் வெளிவந்த 'ஹொப்சன்-ஜொப்சன்'. ஹென்றி யூல், ஏ. சி. பேர்னெல் என்ற இருவரின் உழைப்பு அது. பேர்னெல் சென்னை மாகாண சிவில் சேவையில் இருந்தவர். தஞ்சாவூரில் நீதிபதியாகக் கடமையாற்றியவர். நூல் வெளிவருமுன்பே 1882இல் காலமானார். இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர் தம் பேச்சில் கலந்துவிட்ட உள்ளூர்ச் சொற்களுக்குப் பொருளும் வரலாறும் சொல்வது அந்நூலின் நோக்கம். அதிலே 'கொனிகொப்பொலி' என்று ஒரு சொல் இருக்கிறது. முதன்முறை பார்க்கிறவருக்கு ஏதோ கிரேக்கச் சொல் போலத் தோன்றும். உண்மையில் அது நம்முடைய கணக்கப்பிள்ளை! சென்னைக் கோட்டையில் கும்பனி வர்த்தகத்துக்குக் கணக்கெழுதிய கணக்கப்பிள்ளையின் பெயர் வெள்ளைக்காரர் நாவிற் புரண்டு அப்படியாயிற்று. இலங்கைத் தோட்டங்களிலோ கணக்கப்பிள்ளை கணக்கப்பிள்ளையாகவே இருந்தார். துரைமார் அவரை 'கே.பி.' என்று இரண்டெழுத்தாக்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

துரை என்ற சொல்லும் அப்படியே ஆங்கிலத்துக்குள் போனது. பெரிய துரை 'பெரியா டோறை'. சின்னத்துரை 'சின்னா டோறை'. சுருக்கமாகப் பீ.டி., எஸ்.டி. என்பார்கள். வெள்ளைக்காரர் போய், தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1990களில் மறுபடி கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போன பின்னரும் முகாமையாளர்களின் ஆங்கிலத்தில் இவ்விரு சொற்களும் அழியவில்லை. கடிதப் பையைச் சுமந்து தோட்டத்துக்கும் தபாற்கந்தோருக்கும் இடையே நடந்தவர், ஆங்கிலத்திலும் 'தப்பால்' ஆளாகவே இருந்தார்.

இந்தச் சொற்களெல்லாம் காற்றில் பறந்து போய்ச் சேர்ந்தவையல்ல. இங்கிலாந்திலிருந்தும் ஸ்கொட்லாந்திலிருந்தும் புதிதாக வந்திறங்கிய இளைஞர், சில மாதங்களுக்குள் சில நூறு பேரை வேலைவாங்க வேண்டியிருந்தது. அவர்களுக்காகக் கைந்நூல்கள் எழுதப்பட்டன. கொழும்பில் 'ஒப்சேவர்' பத்திரிகை நடத்திய பெர்குசன் குடும்பத்தைச் சேர்ந்த ஏ. எம். பெர்குசன் இளையவர் எழுதிய கைந்நூல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியில் பல பதிப்புகள் கண்டது. அதன் பெயர் 'இங்கே வா!' சின்னத்துரைக்கான சட்டைப்பைத் தமிழ் வழிகாட்டி என்பது அதன் விளக்கத் தலைப்பு. 1915இல் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் என்பவர் எழுதிய இன்னொரு நூல் வந்தது. அதற்குக் 'கூலித் தமிழ்' என்றே பெயர்.

தலைப்புகளே போதுமானவை. ஒரு மொழியை ஒருவருக்கு அறிமுகம் செய்யும்போது முதலில் எந்தச் சொல்லைக் கொடுக்கிறோம்? வணக்கம் என்போம், வாருங்கள் என்போம். எங்கள் தோட்டங்களில் சின்னப்பிள்ளையைக்கூட வாங்க என்று மரியாதையாக அழைக்கிற வீடுகள் உண்டு. அந்தச் சின்னத்துரையின் கையிலிருந்த தமிழோ ஏவல் வினையில், அதுவும் ஒருமை ஏவலில் தொடங்கியது. இருபது வயது இளைஞன் அறுபது வயதுக் கிழவரைப் பார்த்து இங்கே வா என்பதற்கு இலக்கணத்தில் பிழை இல்லை. தோட்டத் தமிழ் கொச்சை, கூலித் தமிழ் என்று யாழ்ப்பாணத்தாரும் கொழும்பாரும்கூட ஒருகாலம் முகஞ்சுளித்ததுண்டு. அப்பெயரை அச்சேற்றியவர் யார் என்பதை அவர்கள் நினைத்துப்பார்க்கவில்லை.

இனி, அகராதிக்குள் போன சொற்களில் எனக்கு மிகவும் உறுத்தலாக இருப்பவற்றுக்கு வருகிறேன்.

கங்காணி. ஒக்ஸ்போர்ட் பேரகராதியில் இச்சொல்லுக்கு இடமுண்டு. இலங்கையிலும் மலாயாவிலும் தொழிலாளர் குழுவின் தலைவன், மேற்பார்வையாளன் என்பது பொருள். ஆனால் தமிழில் இச்சொல்லுக்கு இருந்த உயரம் அந்த இரண்டு வரியில் இல்லை. கண்காணி என்பதே முறையான வடிவம். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிற் காரியங்களை மேற்பார்வை செய்தவர் கண்காணி. திருமூலரோ திருமந்திரத்தில் இறைவனையே கண்காணி என்கிறார். பார்ப்பவன் எவனுமில்லை என்றெண்ணி மனிதர் களவு செய்கிறார்கள், அவன் பாராத இடமே இல்லை என்பதை உணர்ந்தவர்கள் களவை விட்டொழித்தார்கள் என்பது அப்பாடலின் கருத்து. இப்படி எங்கும் நிறைந்த பரம்பொருளுக்குச் சூட்டிய பெயர், இராமநாதபுரத்திலும் திருச்சிராப்பள்ளியிலும் சேலத்திலும் ஊரூராகப் போய் ஆள்சேர்த்து, முன்பணம் கொடுத்து, கடலைக் கடத்தி மலையேற்றிய மனிதருக்கு வந்து சேர்ந்தது. பெரிய கங்காணி, அவருக்குக் கீழே சில்லறைக் கங்காணி. தம் ஆட்கள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குக் காசு கிடைத்தது. 'பென்ஸ் காசு' என்பர். ஆள் வேலைக்கு வராவிட்டால் கங்காணிக்கும் நட்டம். ஆகவே பரம்பொருளைப்போல இவரும் தூங்காமற் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாக் கங்காணிகளும் கொடியவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. சொந்தபந்தங்களையே கூட்டிவந்தவர்கள் பலர். கலியாணம், கருமாதி, காமன் கூத்து எதுவானாலும் அவர் முன்னிற்காமல் நடந்ததில்லை. தோட்டங்களில் கோயில் எழுப்பியவர்களும் பள்ளிக்கூடம் கேட்டவர்களும் அவர்களுள் இருந்தார்கள். ஆனால் கடன் என்ற கயிற்றின் நுனி அவர் கையில் இருந்தது.

அந்தக் கயிற்றுக்கும் ஒரு சொல் உண்டு. அதுவும் ஆங்கிலச் சட்ட ஏடுகளுக்குள் போய்விட்டது. துண்டு. தமிழில் தோளிற் போடுவதும் துண்டு, கிழித்த காகிதமும் துண்டு. தோட்டத்துத் துண்டு என்பது துரை எழுதிக் கையெழுத்திட்ட சீட்டு. இந்தக் கங்காணியும் அவருடைய இத்தனை ஆட்களும் எம்மிடம் இவ்வளவு ரூபா கடன்பட்டிருக்கிறார்கள், அதைச் செலுத்தினால் அத்தனை பேரையும் விடுவிப்போம் என்பது அதன் சாரம். கங்காணி அதை எடுத்துக்கொண்டு ஆள் தேவைப்படும் வேறு தோட்டத்துக்குப் போவார். அந்தத் துரை பழைய கடனைக் கட்டி, மேலும் கொஞ்சம் முன்பணமும் கொடுத்துக் குழுவை முழுதாக எடுப்பார். கடன் தோட்டத்துக்குத் தோட்டம் வளர்ந்துகொண்டே போகும். வளர்ந்த கடன் யாருடைய தலையில் விழுந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. அப்புத்தளையில் மூட்டை கட்டச் சொல்வார்கள். பதுளைக்கு அப்பால் அவிழ்க்கச் சொல்வார்கள். போகிறவர்களிடம் கருத்துக் கேட்பார் இல்லை. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. மனிதர்களைச் சீட்டில் எழுதிக் கைமாற்றும் வழக்கத்தைச் சட்டம் எழுதியவர்கள் ஆங்கிலத்தில் விளக்க வந்தபோது, அவர்கள் மொழியில் அதற்கு ஒரு சொல் கிடைக்காமற் போனதை எண்ணிப் பார்க்கிறேன். 'துண்டு' என்றே எழுதினார்கள்.

அடுத்தது கூலி. ஆங்கிலத்துக்கு இது எப்படிப் போயிற்று என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. குஜராத்துப் பக்கத்துக் கோலி என்ற மக்களின் பெயரே மூலமாகலாம், தமிழ்க் கூலி அதனோடு பின்னர் கலந்திருக்கலாம் என்பர் சொற்பிறப்பு ஆராய்வோர். நான் குஜராத்தோடு வழக்காடப் போவதில்லை. எந்த வழியால் வந்திருந்தாலும், நம் தீவின் மலைகளில் அது தமிழ்க் கூலியோடு இரண்டறக் கலந்தது. திருவள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் இச்சொல்லை ஆள்கிறார். தெய்வத்தால் ஆகாதபோதும் ஒருவன் உடல் வருந்த முயன்றதற்குரிய பயன் கிடைத்தே தீரும் என்ற இடத்தில் அந்தப் பயனைத்தான் கூலி என்றார். உழைப்பவனுக்குச் சேரவேண்டியது கூலி; உழைப்பவன் கூலி அல்லன். ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு கரைந்துபோயிற்று. சம்பளத்தின் பெயர் ஆளின் பெயராயிற்று. 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இலங்கைத் தோட்டங்களில் வேலை செய்யும் 'இந்தியக் கூலிகள்' பற்றியது. சட்டப் புத்தகத்திலேயே மனிதருக்கு அதுதான் பெயர். பறை முழக்கியவர்களின் சமூகப் பெயர் ஆங்கிலத்தில் 'பரையா' என்றாகி, எல்லோராலும் ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளைப் பெற்றதும் இதே போன்ற கதைதான். இரண்டு சொற்களும் வசையாகப் பல நாடுகளில் உலவின. தென்னாபிரிக்காவிலும் கயானாவிலும் பீஜியிலும் தமிழரும் தமிழரல்லாதாரும் ஒரே சொல்லால் ஏச்சு வாங்கினார்கள்.

இப்போது இதற்கு நேர் எதிர்த்திசையில் போன ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். அகராதி எதிலும் நான் தேடிப்போகாத சொல் அது. தோட்டத்தில் பிறந்த எவருக்கும் விளக்கம் தேவையில்லாதது. பேர்.

தோட்டத்துப் பேச்சில் பேர் என்றால் ஒரு நாட்சம்பளம். செக்ரோலில், அதாவது வரவுப் பதிவேட்டில், வேலைக்கு வந்தவரின் பெயருக்கு நேரே கணக்கப்பிள்ளை அடையாளமிடுவார். அதுதான் பேர் போடுவது. இந்த மாசம் எத்தனை பேர் என்று ஒரு பெண்ணைக் கேட்டால், இருபத்திரண்டு பேர் என்பாள். வேறு ஊர்த் தமிழர் கேட்டால் இருபத்திரண்டு ஆட்களைப் பற்றிப் பேசுவதாகத்தான் எண்ணுவர். அவள் சொல்வது அவள் ஒருத்தி உழைத்த இருபத்திரண்டு நாட்களை. குறித்த அளவு கொழுந்து எடுக்காவிட்டால், அல்லது நேரம் பிந்தி வந்தால், அரைப்பேர். தோட்ட வாழ்வைப் பற்றி ஆங்கிலத்தில் ஆய்வு எழுதுவோர் இதை 'ஹாஃப் நேம்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்துப் போடுகிறார்கள். அப்படிப் பெயர்த்துப் பார்க்கும்போதுதான் அதன் கொடுமை தெரிகிறது. பெற்றவர்கள் மாரியாயி என்றோ செல்லம்மா என்றோ வைத்த பெயர், மாலை நிறுவையில் நாலைந்து றாத்தல் குறைந்ததால் பாதியாகிவிடுகிறது. 1984 வரை பெண்ணின் முழுப்பேருக்கும் ஆணின் முழுப்பேருக்கும் ஒரே காசுகூட இருக்கவில்லை. அவ்வாண்டு நடந்த வேலைநிறுத்தத்தின் பின்னரே இருபாலாருக்கும் சம சம்பளம் வந்தது. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்று வர்த்தமானியில் வெளியானபோதும், தோட்டங்களில் எழுந்த தர்க்கம் ஒரு பேருக்கு எத்தனை கிலோ என்பதைப் பற்றியே இருந்தது.

ஆங்கிலம் கூலியை ஆளாக்கியது. செக்ரோல் ஆளின் பேரைக் கூலியாக்கியது. இரண்டும் ஒரே காலத்தில், ஒரே மலையில் நடந்தவை. மொழிநூலார் பொருள் மாற்றத்துக்குப் பல இலக்கணம் வகுத்திருக்கிறார்கள்: பொருள் விரிதல், சுருங்குதல், உயர்தல், இழிதல் என்று. வகுப்பில் நானும் அதைப் படிப்பிக்கிறேன். ஆனால் இப்படி இரண்டு சொற்கள் ஒன்றின் நாற்காலியில் மற்றொன்று போய் அமர்ந்ததற்கு அந்தப் பட்டியலில் இடம் காணோம்.

ஆங்கிலத்திலிருந்து நம்பக்கம் வந்தவற்றைப் பற்றியும் ஓரிரு வார்த்தை. காலையில் தப்பு அடித்ததும் ஆட்கள் கூடி நின்று அன்றைய வேலையைப் பெறும் இடம் பிரட்டுக்களம். 'பரேட்' என்ற சொல்லின் தோட்டத்து வடிவமே பிரட்டு. தேயிலைச் செடியை வெட்டி மட்டம் செய்வது கவ்வாத்து. கவாத்து என்றால் தமிழ்நாட்டில் படைவீரர் செய்யும் பயிற்சியையும் குறிக்கும். கோப்பிக் காலத்தில் இம்மலைகளில் காடழித்துத் தோட்டம் போட்டவர்களில் படையதிகாரிகள் பலர் இருந்தார்கள். ஆளுநராக இருந்த எட்வர்ட் பார்ண்ஸே கன்னொறுவையில் 1820களில் கோப்பி பயிரிட்ட தளபதிதான். பதுளையில் அரசாங்க அதிகாரியாக இருந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகப் பேர்பெற்று, 1845இல் அப்புத்தளையில் இடிவிழுந்து மாண்ட றொஜர்ஸும் ஒரு மேஜர். மனிதரும் செடியும் வரிசையில் நின்றால்தான் அவர்கள் கண்ணுக்கு ஒழுங்காகத் தெரிந்திருக்கும். வரிசை என்பதற்கான ஆங்கிலச் சொல் 'லைன்' லயமாயிற்று. சங்கீதம் படிக்கிற பிள்ளைக்கு லயம் தாளத்தோடு சேர்ந்தது; சைவ சித்தாந்தம் படிக்கிறவருக்கு லயம் ஒடுக்கம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் மூன்று தலைமுறை ஒடுங்கிக் கிடந்ததை நினைத்தால், தெரியாமல் அமைந்தாலும் சொல் பொருந்தித்தான் இருக்கிறது.

தேயிலை வகைகளின் பெயர்கள்கூட ஸ்கிறபிள் பட்டியலில் இருக்கின்றன. 'பெக்கோ' என்பது பதினொரு புள்ளி. சீனத்தின் அமோய் வட்டாரப் பேச்சில் வெண்ணிறப் பூமயிர் என்று பொருள். இளங்குருத்தின் மேல் படர்ந்திருக்கும் மெல்லிய மயிரைக் குறித்தது. பெக்கோ என்ற சொல் நம் மலைக்கு வந்து, பெட்டியின் மேல் அச்சிடப்பட்டு, கப்பலேறிப் போயிற்று. கொழுந்து என்ற சொல் கப்பலேறவில்லை. 1890இல் தோமஸ் லிப்டன் தம்பேத்தன்னையை வாங்கினார். இலண்டன் கடைகளில் ஊவாத் தேயிலைக்குப் பெயர் வந்தது. உலகமெங்கும் அந்தத் தேநீரைக் குடித்தவர்கள் அதைப் பறித்தவர்களின் மொழியிலிருந்து எடுத்துக்கொண்டவை மேற்பார்வைக்கும் கடனுக்கும் வேலையாளுக்கும் உரிய சொற்களே. மழைக்கும் செடிக்குச்சிக்கும் காப்பாக இடுப்பிற் சுற்றும் படங்கு போகவில்லை. செடியின் மட்டம் பார்க்கக் குறுக்கே வைக்கும் மட்டக்கம்பு போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மேலதிகமாக எடுத்த கொழுந்துக்கு உடனே கிடைக்கும் கைக்காசு போகவில்லை.

அச்சொற்களை ஏட்டில் ஏற்றியவர்கள் நம் எழுத்தாளர்களே. ஸி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் திரட்டினார். ஊவாவைப் பொறுத்தவரை தெளிவத்தை ஜோசப் அவர்களை நினைக்க வேண்டும். 1934இல் பதுளையை அடுத்த ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்து, 2022இல் மறைந்தவர். லயமும் பிரட்டுக்களமும் அரைப்பேரும் அடிக்குறிப்பு இல்லாமலே இலக்கியத்துக்குள் வந்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. அவர் தம் பெயருக்கு முன்னே வைத்துக்கொண்டதும் ஒரு தோட்டத்தின் பெயர்தான். ஆங்கில ஏடுகளில் 'டெல்பெத்த' என்று எழுதப்படுகிற தோட்டத்தை நம் மக்கள் தெளிவத்தை என்று அழைக்கிறார்கள். சிங்களச் சொல் தமிழ் நாவில் உருண்டு, தமிழாகவே ஆகிவிட்டது. தோட்டத்து இடாப்பில் துரை எழுதி வைத்த பெயர் ஒன்றாகவும், மக்கள் வாயில் வழங்கிய பெயர் வேறாகவும் இருந்த தோட்டங்கள் ஊவாவில் ஏராளம். எங்கள் பிள்ளைகளிடம் இப்போது அந்தப் பட்டியலைத்தான் கேட்டிருக்கிறேன். ஸ்கிறபிள் கொப்பியின் பின்பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் நேரே, அதைச் சொல்லிக்கொடுத்த அம்மாயியின் அல்லது தாத்தாவின் பெயரும் எழுதவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். முழுப்பெயர்.